சர்க்கரை, அசதி, ஆண்மை ஊசி – கொஞ்சம் வாய்விட்டுப் பேசுவோமா?

நம்ம ஆட்கள் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேச வெட்கப்படுவதே இல்லை. மாட்டுங்காவில் காப்பி சொல்லும்போதே "சர்க்கரை வேண்டாம்" என்று பக்கத்து மேஜைக்கும் கேட்கிற மாதிரிதான் சொல்வோம். செம்பூர் டயமண்ட் கார்டனில் காலை நடை போகிற பெரியவர்கள் ஹெச்பிஏ1சி அளவை கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பரிமாறிக்கொள்வார்கள். "எனக்கு ஏழரை." "பரவாயில்லையே, எனக்கு எட்டு புள்ளி ரெண்டு." (ஏழரை என்றதும் நமக்கு சனி பகவான் ஞாபகம் வந்த காலம் போயே போச்சு!) தாராவி 90 அடி சாலையில் அண்ணாச்சிமார்கள் எந்த மாத்திரை வாயுவைக் கிளப்பும் என்று வைத்தியரை விட விவரமாகச் சொல்வார்கள்.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் வாய் கட்டிப்போகும். ராத்திரி படுக்கையில் வருகிற பிரச்சினை. ஆசை குறைவது, எழுச்சி இல்லாமல் போவது, அதனால் மனைவியிடம் எரிந்து விழுவது. இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து நம் ஆண்கள் டாக்டரிடம் சொல்கிற ஒரே சொல் "அசதி". "என்ன பண்ணுது?" "ஒண்ணுமில்ல சார், கொஞ்சம் அசதியா இருக்கு." டாக்டரும் ஒரு பி-காம்ப்ளெக்ஸ் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். கதை முடிந்தது.

இந்தப் பதிவு அந்த அசதிக்குப் பின்னால் இருப்பதைப் பற்றியது. கொஞ்சம் நீளம்தான். வீட்டம்மாக்களும் படிக்கலாம், சொல்லப்போனால் அவர்கள் முதலில் படித்தால் நல்லது. நான் டாக்டர் இல்லை. மருந்துத் துறையில் ஆராய்ச்சி முடிவுகளைப் படித்து அட்டவணை போடுவது என் பிழைப்பு. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ்களில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் அளவும் சேர்ந்து வர ஆரம்பித்துவிட்டது. சர்க்கரை உள்ள ஐம்பது வயதுக்காரர் ரிப்போர்ட்டைப் பிரித்தால் அந்த வரி மட்டும் தடித்த எழுத்தில், கீழ்நோக்கி ஒரு அம்புக்குறியோடு இருக்கிறது. உடனே யாராவது ஒருவர், "ஒரு ஊசி போட்டா போதும், சர்க்கரையும் இறங்கும், தெம்பும் வரும், தொப்பையும் கரையும்" என்கிறார். ஜிம் பயிற்சியாளர் சொல்கிறார், வாட்ஸப் சொல்கிறது, சில கிளினிக்குகளும் சொல்கின்றன. நமக்கோ ஒரே கல்லில் மூன்று மாங்காய் என்றால் கேட்கவா வேண்டும்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்க்கரை உள்ள ஆண்களுக்கு இந்த ஹார்மோன் குறைவது உண்மை. அதைப் பற்றி டாக்டரிடம் கூச்சமில்லாமல் பேசத்தான் வேண்டும். நிஜமாகவே குறைவு என்று உறுதியானவர்களுக்கு சிகிச்சையும் நல்லதே. ஆனால் சர்க்கரையை இறக்க என்று யாராவது அந்த ஊசியைப் போடச் சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். காரணங்களைச் சொல்கிறேன்.

குறைவது உண்மையா?

உண்மை. அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் இருக்கும் பரேஷ் தண்டோனா என்ற நம் நாட்டுக்கார டாக்டரின் குழு 2004இல் இரண்டாம் வகை சர்க்கரை உள்ள 103 ஆண்களைச் சோதித்தது. மூன்றில் ஒருவருக்கு ஹார்மோன் குறைவாக இருந்தது. இன்னொன்றையும் கவனித்தார்கள். விரை தன் வேலையைச் செய்யத் தயாராகத்தான் இருக்கிறது. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரவேண்டிய உத்தரவுதான் பலவீனமாக வருகிறது. முதலாளி ஆர்டர் கொடுக்காவிட்டால் பட்டறை ஓடாது இல்லையா, அந்தக் கதை.

தொப்பைக்கும் இதில் பங்கு உண்டு. கொழுப்பில் அரோமடேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. அது டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனாக மாற்றிக்கொண்டே இருக்கும். ஹார்மோன் குறைந்தால் தசை கரைந்து கொழுப்பு கூடும். கொழுப்பு கூடினால் ஹார்மோன் இன்னும் குறையும். செக்குமாடு மாதிரி ஒரே வட்டம்.

"நான் ஒல்லியாச்சே" என்று தப்பிக்க முடியாது. 2004இல் லான்செட் இதழில் ஒரு பிரபலமான படம் வந்தது. புனே கேஇஎம் ஆஸ்பத்திரியின் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, அதாவது பிஎம்ஐ, ஒரே 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம்! நம் கையும் காலும் ஒல்லியாக இருக்கும், வயிறு மட்டும் தனியாக ஒரு தொழில் நடத்திக்கொண்டிருக்கும். இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது கணக்கு. "என் பேன்ட் சைஸ் 34தான்" என்று சொல்லாதீர்கள். பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது. டேப்பைத் தொப்புள் பக்கம் வைத்து அளங்கள்.

ஊசி போட்டால் சர்க்கரை இறங்குமா?

இங்கேதான் ஆராய்ச்சிகளைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவேண்டும். ஆளாளுக்குத் தனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

அதே தண்டோனா குழு 2016இல் ஹார்மோன் குறைந்த சர்க்கரைக்காரர்களுக்கு 24 வாரம் ஊசி போட்டுப் பார்த்தது. உடம்பு இன்சுலினுக்குக் கட்டுப்படும் தன்மை நன்றாகவே முன்னேறியது. கொழுப்பு குறைந்து தசை கூடியது. ஆனால் மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கான ஹெச்பிஏ1சி குறிப்பிடும்படி இறங்கவில்லை. இதற்கு முன்பே, 2014இல், ஆஸ்திரேலியாவில் 88 சர்க்கரைக்காரர்களை வைத்து 40 வாரம் செய்த சோதனையிலும் இதேதான். கொழுப்பு குறைந்தது, தசை கூடியது, சர்க்கரை அசையவில்லை.

2021இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இன்னொரு பெரிய முடிவு வந்தது. ஊசிக்காரர்கள் எல்லோரும் கையில் எடுப்பது இதைத்தான். 50 முதல் 74 வயது வரை, தொப்பை உள்ள, சர்க்கரை எல்லையில் நின்ற அல்லது புதிதாகச் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்ட 1007 ஆண்கள். பாதிப் பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை டெஸ்டோஸ்டிரோன் ஊசி, மீதிப் பேருக்குப் போலி ஊசி. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் போலி ஊசிக்காரர்களில் 21 சதவீதம் பேருக்குச் சர்க்கரை, நிஜ ஊசிக்காரர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான். பிரமாதமான வித்தியாசம், மறுக்கவில்லை.

ஆனால் இரண்டு விஷயங்களை மறைத்துவிடுகிறார்கள். ஒன்று, இரண்டு கூட்டத்துக்குமே சாப்பாடு, உடற்பயிற்சி என்று ஒழுங்கான பயிற்சி கொடுத்துத்தான் சோதனை நடந்தது. பத்து வருடமாகச் சர்க்கரையோடு மல்லுக்கட்டும் நம் மாமாவுக்கு இது பொருந்தாது. இரண்டு, ஊசி போட்டவர்களில் 22 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 54 சதவீதத்தைத் தாண்டியது. போலி ஊசியில் அது 1 சதவீதம் பேருக்குத்தான். ரத்தம் தடித்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

அப்புறம் 2023இல் அமெரிக்காவில் டிராவர்ஸ் என்ற மிகப்பெரிய சோதனையின் முடிவு வந்தது. 45 முதல் 80 வயது வரை, இதய நோய் உள்ள அல்லது வரக்கூடிய, ஹார்மோன் குறைந்த 5200க்கு மேற்பட்ட ஆண்கள். மாரடைப்பும் பக்கவாதமும் ஹார்மோன் ஜெல்லால் கூடவில்லை (7.0 சதவீதம், போலி ஜெல்லில் 7.3). அதுவரை நல்ல செய்தி. ஆனால் இதயத் துடிப்புத் தாறுமாறாவது, நுரையீரலில் ரத்தக்கட்டி, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை ஹார்மோன் பூசியவர்களிடம் கூடுதலாக இருந்தன. எலும்பு முறிவும் கூடியது.

சர்க்கரை? அதே டிராவர்ஸில் சர்க்கரை உள்ளவர்களையும் எல்லையில் நிற்பவர்களையும் தனியாகப் பார்த்து 2024இல் வெளியிட்டார்கள். முதல் ஆசிரியர் ஷலேந்தர் பசின், அவரும் நம் நாட்டிலிருந்து போனவர்தான். எல்லையில் நின்றவர்கள் சர்க்கரைக்குள் விழுவதை ஹார்மோன் தடுக்கவில்லை. ஏற்கனவே சர்க்கரை உள்ளவர்களுக்கும் பலன் இல்லை. அமெரிக்க ஹார்மோன் மருத்துவர் சங்கத்தின் 2018ஆம் வருட வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது: சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதற்காக டெஸ்டோஸ்டிரோன் கொடுக்காதீர்கள்.

ஆக, ஒரு சோதனை ஆம் என்கிறது, மற்றவை இல்லை என்கின்றன. காசும் உடம்பும் நம்முடையதாக இருக்கும்போது நான் பெரும்பான்மைப் பக்கம்தான் நிற்பேன்.

பிள்ளை வேண்டும் என்பவர்கள் கவனிக்க

இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நம் நாட்டில் சர்க்கரை முப்பதுகளிலேயே வந்துவிடுகிறது. மும்பை மாதிரி ஊரில் வாடகைக்கும் முன்பணத்துக்கும் ஓடியே கல்யாணம் தள்ளிப்போகிறது, குழந்தை இன்னும் தள்ளிப்போகிறது. அந்த வயதுப் பையன் "தெம்புக்கு" என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டால் என்ன நடக்கும் தெரியுமா? வெளியிலிருந்து ஹார்மோன் வருவதைப் பார்த்து பிட்யூட்டரி தன் உத்தரவை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்ப வரும், ஆனால் ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடம் வரை ஆகும்.

அந்த இரண்டு வருடமும் ஊரிலிருந்து மாமியார் போன் போட்டு "விசேஷம் உண்டா?" என்று யாரைக் கேட்பார்? மருமகளைத்தான். கோயில் கோயிலாகச் சுற்றுவதும் ஸ்கேன் எடுப்பதும் அவள்தான். ஜிம்மில் போட்ட ஊசியைப் பற்றி யாருக்கும் தெரியாது. ஆண்மை என்று பெயர் வைத்த ஊசி ஆணை மலடாக்குவது பெரிய வேடிக்கை, ஆனால் சிரிப்பு வரவில்லை.

அப்படியானால் என்னதான் செய்வது?

முதலில் பரிசோதனையை ஒழுங்காகச் செய்யுங்கள். இந்த ஹார்மோன் விடிகாலையில் அதிகமாகவும் சாயங்காலம் குறைவாகவும் இருக்கும். சாப்பிட்டாலும் இறங்கும். ஆபீஸ் முடிந்து சாயங்காலம் கொடுத்த ரத்தத்தை வைத்து ஆயுள் முழுக்க ஊசியா? காலையில், வெறும் வயிற்றில், இரண்டு தனித்தனி நாளில் எடுத்து இரண்டிலும் குறைவாக இருந்து, தொந்தரவும் இருந்தால்தான் குறைவு என்று பெயர். இரவு ஷிப்ட் செய்கிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இன்னொரு நுணுக்கம்: தொப்பையும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு, ரத்தத்தில் இந்த ஹார்மோனைக் கட்டிச் சுமக்கும் புரதம் குறைவாக இருக்கும். அதனால் மொத்த அளவு குறைவாகத் தெரியும், ஆனால் உடம்புக்குப் பயன்படுகிற "ஃப்ரீ" அளவு சரியாகவே இருக்கலாம். எல்லையில் இருந்தால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, இடுப்பைக் குறையுங்கள். எடை இறங்கினால் ஹார்மோன் தானாக ஏறும், சர்க்கரையும் இறங்கும். இந்த ஒரே கல்லில் மட்டும்தான் இரண்டு மாங்காய் நிஜமாக விழுகிறது. இதற்கு வெளிநாட்டு ஆராய்ச்சிகூட வேண்டாம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட முடிவு இருக்கிறது. சர்க்கரை எல்லையில் நின்ற 531 பேர். சும்மா விட்டவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது. நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு. ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை, நம் ஆட்கள், நம் சாப்பாடு.

"நடக்க எங்கே இடம்?" என்று தாராவியிலிருந்து கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயம்தான். மாட்டுங்காக்காரருக்கு ஃபைவ் கார்டன்ஸ் இருக்கிறது. செம்பூர்க்காரருக்கு செடா நகர் முருகன் கோயில் படி இருக்கிறது, புண்ணியத்துக்குப் புண்ணியம். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கிற இடத்தில், நடுராத்திரி எழுந்து இட்லி ஊற்றி விடிவதற்குள் சைக்கிளில் ஏற்றுகிற ஆளிடம் "எட்டு மணி நேரம் தூங்குங்க" என்றால் அடிக்க வருவார். ஆனால் தூக்கம் இதில் சம்பந்தப்பட்டது என்பதாவது தெரிந்திருக்கட்டும். 2011இல் சிகாகோவில் ஆரோக்கியமான பத்து இளைஞர்களை ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கிவிட்டது. ராத்திரி விட்டதில் ஒரு மணி நேரத்தையாவது மத்தியானம் பிடித்துக்கொள்ள முடிந்தால் பிடியுங்கள். பலமாகக் குறட்டை விடுகிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது, எழுச்சிக் குறைவு என்றாலே ஹார்மோன் என்று முடிவு கட்டாதீர்கள். சர்க்கரைக்காரர்களுக்குப் பெரும்பாலும் ரத்தக்குழாயும் நரம்பும் கெடுவதால்தான் அது வருகிறது. அங்கே இருக்கிற குழாய் சின்னது, முதலில் அடைபடும். இதயத்துக் குழாய் கொஞ்சம் பெரியது, பின்னால் அடைபடும். அதனால் இதை மாரடைப்புக்கு முன்னறிவிப்பு என்றே இதய மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். "அசதி" என்று சொல்லி மறைத்தால் நாம் மறைப்பது அந்த முன்னறிவிப்பையும் சேர்த்துத்தான்.

யார் மொழிபெயர்ப்பது?

இப்போது நம் புலம்பெயர்ந்த வாழ்க்கைக்கே உரிய சங்கடம். தாராவியிலிருந்து சயான் ஆஸ்பத்திரிக்குப் போகிற அப்பாவுக்கு இந்தி அரைகுறை, மராத்தி சுத்தமாக வராது. கூட யார் போவது? பள்ளிக்கூடம் படிக்கிற மகள். அவள்தான் டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வாள், அப்பா சொல்வதை இந்தியில் சொல்வாள். அந்தப் பிள்ளை முன்னால் எந்த அப்பா வாயைத் திறப்பார்? "அசதின்னு சொல்லும்மா" என்பார். அவளும் அதையே சொல்வாள்.

சரி, தனியாகப் போனால்? இந்த விஷயத்துக்கு அவருக்குத் தெரிந்த ஒரே இந்திச் சொல் "மர்தானா கம்ஸோரி". எங்கே கற்றுக்கொண்டார்? லோக்கல் ரயில் பெட்டியில் வைத்தியர்கள் ஒட்டிய நோட்டீசில்! சர்க்கரையைக் குணமாக்குவோம், ஆண்மையைக் கூட்டுவோம் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் வருடச் சட்டமே தடை செய்திருக்கிறது. இருந்தும் இந்த விஷயத்தில் அவரிடம் முதலில் பேச்சுக் கொடுத்தது அந்த நோட்டீஸ்தான், டாக்டர் இல்லை. பிறகு அவர் நோட்டீஸ்காரரிடம் போகிறார் என்று எப்படிக் குறை சொல்வது?

டாக்டர்களைத்தான் கேட்கவேண்டும். கால் விரலைக் கேட்கிறீர்கள், கண்ணைக் கேட்கிறீர்கள், சிறுநீரைக் கேட்கிறீர்கள். "படுக்கையில் ஏதாவது சிரமமா?" என்று ஒரு கேள்வி கூடச் சேர்த்தால் என்ன? வெளியே வரிசை நீளம் என்பது தெரியும். கேள்விக்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

டாக்டர் கேட்கும் வரை நாம் செய்யக்கூடியது இது. ஒரு துண்டுச் சீட்டில், தெரிந்தவர் யாரையாவது வைத்து, இந்தியிலோ ஆங்கிலத்திலோ இரண்டு வரி எழுதி மடித்து எடுத்துப்போங்கள்: இத்தனை மாதமாக எழுச்சிக் குறைவு, ஆசைக் குறைவு, தனியாகப் பேசவேண்டும். பிள்ளையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுச் சீட்டை நீட்டுங்கள். மனைவி கூட வந்தால் இன்னும் நல்லது. இத்தனை வருடம் அவள் தன்மேல்தான் குறை என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். இது சர்க்கரை செய்கிற வேலை என்று டாக்டர் வாயால் கேட்டால் வீட்டில் பாதிச் சண்டை அன்றைக்கே ஓய்ந்துவிடும்.

பி.கு. 1: இரண்டு காலைப் பரிசோதனையிலும் குறைவு என்று உறுதியாகி டாக்டர் சிகிச்சை ஆரம்பித்தவர்கள் இதைப் படித்துவிட்டு ஊசியை நிறுத்திவிடாதீர்கள். சிவப்பணு அளவையும் புரோஸ்டேட் பிஎஸ்ஏ அளவையும் அவ்வப்போது பார்க்கிறாரா என்று மட்டும் கேளுங்கள். டாபாக்ளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையாலும் சிவப்பணு கொஞ்சம் கூடும், அதை ஞாபகப்படுத்துங்கள்.

பி.கு. 2: நெஞ்சு வலிக்கு சார்பிட்ரேட் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மருந்துக்கடையில் வாங்கும் எழுச்சி மாத்திரையைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கி ஆளையே சாய்த்துவிடும். இதை மட்டுமாவது நாலு பேருக்குச் சொல்லுங்கள்.